உதட்டின் இடது ஓரம்

ஜனவரி 6, செவ்வாய்
காலையிலேயே கீழுதட்டின் இடது ஓரத்தில் குறுகுறுப்பு. இருபது வருடப் பழக்கம், தெரியாதா எனக்கு. ஜெரால்டன் விமான நிலையத்தில் என் கணவன் க்ளைவ் குனிந்தபோது கன்னத்தைக் காட்டியிருக்கலாம். இனி சுரங்க வேலையில் பதினான்கு நாள் இருப்பான் — முத்தம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 8
கொப்புளம் வந்தாயிற்று. நல்லவேளை, அவன் இல்லை. இப்படித்தான் நினைத்தேன், எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 13
தொலைபேசியில் சிரிக்கிறான். "க்ளெனிஸ், உனக்கு வருமே வெயில் புண்ணு, எனக்கும் வந்துருச்சு. யாருக்குடா முத்தம் குடுத்தேன்னு பசங்க உயிரை வாங்குறானுங்க." மேலே வெள்ளை வெயில் களிம்பை அப்பிக்கொண்டு வேலை செய்கிறானாம்.
வெயில் புண் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். முதல் கணவனிடம் இது ஒட்டும் என்று உள்ளதைச் சொன்னேன். "அசிங்கம்" என்று சோபாவில் போய்ப் படுத்தான். அதனால் இவனிடம் வெயில்.
"தொப்பி போட்டுக்கோ" என்றேன். என்ன மனுஷி நான்?

ஜனவரி 14
க்ளைவின் மகள் டீகனுக்குப் பெர்த்தில் பெண் குழந்தை.

ஜனவரி 15
கிளினிக்கில் நர்ஸிடம் கேட்டேன். ஹெர்பீஸ் வைரஸ்தான், பாதிப் பேருக்குச் சின்ன வயசிலேயே வந்துவிடுமாம். "புண்ணு இல்லாதப்பவும் ஒட்டலாம். குறுகுறுன்னு ஆரம்பிச்சதுலேருந்து பொருக்கு உதிர்ந்து ஆறுற வரைக்கும் ரொம்ப. முத்தம், ஒரே கப்பு, எதுவும் வேணாம். கூச்சப்படாம சொல்றேன், வாயிலேருந்து கீழயும் போகும்."
"அவருக்கு என்கிட்டேருந்துதான் வந்துச்சா?"
"அதை யாராலயும் நிச்சயமா சொல்ல முடியாதுங்க."
எனக்கு நிச்சயம். எழுந்தபோது, பிறந்த குழந்தை வீட்டில் உண்டா என்று கேட்டாள். "அதுங்களுக்கு ஒட்டினா உசுருக்கே ஆபத்து."

ஜனவரி 20
வந்துவிட்டான். உதட்டில் இன்னும் பொருக்கு. மத்தியானமே காரில் பொம்மைகளை ஏற்றுகிறான். "நாளைக்கு அந்தக் குட்டிக் கன்னத்தைக் கடிச்சுட்டுத்தான் மறுவேலை."
"க்ளைவ், நீ அவளுக்கு முத்தம் குடுக்கக் கூடாது. அது வெயில் இல்ல. ஹெர்பீஸ். என்கிட்டேருந்து."
"வெயில்னு நீதானே சொன்ன."
"பொய் சொன்னேன்."
"ரெண்டு வருஷமாவா?"
தோட்டக் குழாயில் வாயைக் கழுவினான். கழுவினால் போகாது. அப்புறம் பொம்மைகளை ஒவ்வொன்றாக இறக்கினான்.

ஜனவரி 21
டீகனுக்கு அவனே போன் செய்தான். "உதட்டுல ஹெர்பீஸ்மா. நல்லா ஆறினப்புறம் வரேன். இல்ல, யார்கிட்டேருந்துன்னு தெரியல."
என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் இரவு சோபாவில்தான் படுத்தான்.

ஜனவரி 27
விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போனான்.

பிப்ரவரி 3
ஒரு குறுஞ்செய்தி. 'அடுத்த செவ்வாய் ஏர்போர்ட்டுக்கு வர்றியா?'

பிப்ரவரி 10, செவ்வாய்
போனேன். ஓரடி தள்ளி நின்றான். நடுவில் அவனுடைய பெரிய பை.
"எனக்குக் குறுகுறுங்குது. காலையிலேருந்து" என்றான், வந்து நின்றதும் முதல் வார்த்தையாக. "மாத்திரை போட்டுட்டேன். உனக்கு?"
"இல்ல."
"இருந்தா சொல்லுவியா?"
"சொல்லுவேன்."
பையின் ஒரு பிடியை என் பக்கம் நீட்டினான். ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தோம்.