உடும்புக்கு மத்தியான பிரேக்

செப்டம்பர், புதன் இரவு.

கண்ணை மூடினால் அந்த உடும்புதான் வருகிறது. தூக்கம் எங்கே, சிரிப்புதான்.

பாலைவன சைட்டுக்குத் தண்ணீர் கேன் ஏற்றிப் போனோம், நானும் யாழ்ப்பாணத்து ஜெயனும். மணலில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். மறந்துவிட்டேன், வண்டி புதைந்தது. அனல் முகத்தில் அறைய, மணலைத் தோண்டிவிட்டு சாவியைத் திருப்பப் போனேன்.

“அண்ணை, எடுக்காதேங்கோ! டயருக்குப் பக்கத்தில உடும்பு ஒண்டு வந்து படுத்திருக்கு.”

குனிந்து பார்த்தேன். முள் வாலை நீட்டிக்கொண்டு சொகுசாகக் கிடந்தது. ஹாரன் அடித்தும் அசையவில்லை. போனில் ஃபோர்மேன், “ஜல்தி பாய், ஜல்தி!” என்று கத்தினார்.

“டேய் மாப்ள, யல்லா, நகருடா!” என்றேன்.

“அவருக்கும் மத்தியான பிரேக்தானே அண்ணை” என்றான் ஜெயன்.

கடைசியில் காலி அட்டைப்பெட்டி ஒன்றை நிழலுக்காகக் கொஞ்சம் தள்ளிச் சாய்த்து வைத்து, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் மணலை அள்ளிப் போட்டேன். உடும்புத் துரை மெதுவாக எழுந்து அதற்குள் போனார். நாங்களும் கிளம்பினோம்.

சாயங்காலம் திரும்பும்போது பெட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். உடும்புக்குப் பக்கத்தில் ஒரு ஓணான்.

“எங்கட ரூம் மாதிரி, எங்கட ஆளும் பெட்டிக்குள்ள பெட் ஸ்பேஸ் வாடகைக்குக் குடுத்திட்டார் அண்ணை!”

நாளைக்குக் கொஞ்சம் பெரிய பெட்டியாக எடுத்துப் போக வேண்டும்.