வாசலுக்கு ஒரு முழம்

கடல்மேல் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நானும் அத்தையும் நலம். இஞ்சின் நலமில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கும்வரை கணீரென்று இருக்கிற குரல், வண்டி என்றதும் அலைக்குள் முங்கிவிடுகிறது. கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். அடுத்த துறைமுகத்தில் உங்கள் கம்பெனி ஏஜென்ட் இதைக் கையில் கொடுப்பார்.

விஷயம் இதுதான். நீங்கள் கூடத்தில் பிரித்துப் போட்டுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார் இஞ்சினை நான் பூட்டத் தொடங்கிவிட்டேன்.

பதற வேண்டாம். வரும் லீவிலெல்லாம் நீங்கள் கழற்றினீர்களே தவிர, ஒரு போல்ட்டாவது திரும்பி உள்ளே போனதா? வீட்டளவு பெரிய இஞ்சினைக் கப்பலில் ஓட்டுகிறவர், முக்காலிமேல் உட்காரும் இஞ்சினுக்குப் பயந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னது நினைவிருக்கிறதா? எப்போதுதான் கப்பல் வேலையை விடப்போகிறீர்கள் என்று நான் கேட்டேன். "இந்த வண்டி தன் கால்ல வாசலைத் தாண்டட்டும், அன்னிக்கே விட்டுடறேன்" என்றீர்கள். வாயில் கவளமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. நான் சிரிக்கவில்லை. அத்தை சாட்சி.

தையற்காரிக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் உங்கள் புத்தகத்தில் இருக்கும் படங்களைப் பார்த்தால், சட்டையை வெட்டித் தைக்கச் சொல்லும் படங்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எது முன்பக்கம், எது பின்பக்கம், எதற்குப் பின் எது. அடுக்குப் பாத்திரம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீளமான போல்ட்டுகளால் சேர்த்துப் பிடித்தால் முடிந்தது. உள்ளே சுற்றுகிற அந்த மூன்று மூலைத் துண்டுகள், அதாவது ரோட்டர்கள், இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துத் தையல் மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மூலையிலும் ஒல்லியான ஓர் இரும்புப் பட்டை உட்காரும், சீல் என்று பெயர். அதற்கு அடியில் வளைந்த ஸ்பிரிங். இவ்வளவும் நானே படித்துத் தெரிந்துகொண்டது.

அந்த ஸ்பிரிங்கில்தான் முதல் சறுக்கல். ஒன்று குறைந்தது. கட்டிலுக்கு அடியில், மாவு டப்பாவில், அத்தையின் கண்ணாடிக் கூட்டில் எல்லாம் தேடியாயிற்று. பிறகுதான் பொறி தட்டியது. காலர் விறைப்பாக நிற்க உள்ளே சொருகும் பட்டைகளை நான் வைக்கும் டப்பாவும் ஸ்பிரிங் டப்பாவும் ஒரே மாதிரி. எதிர் வரிசை வக்கீலம்மா நான் தைத்துக் கொடுத்த புது அங்கியைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்பியதும் நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, காலரை ஒரு நிமிஷம் பிரிக்க வேண்டும் என்றேன். இன்றைக்குத்தான் நீதிபதி தன்னை நிமிர்ந்து பார்த்தார், இந்தக் காலரை மாற்றாதே என்றார் அவர். கெஞ்சிப் பிரித்து எடுத்து வந்தேன்.

பூட்டும்போது ஸ்பிரிங் நழுவி விழாமல் இருக்கக் களிம்பு தடவச் சொல்லியிருக்கிறது. அத்தை குதிகால் வெடிப்புக்குப் பூசும் களிம்பைத் தூக்கிக் கொடுத்தார். என் காலுக்கு ஆகாததா இந்தச் சனியனுக்கு ஆகிவிடப்போகிறது என்று சொல்லிக்கொண்டேதான் கொடுத்தார். உங்கள் மகனை மீட்கத்தான் அத்தை என்று நான் சொன்னதும் டப்பாவையே என் பக்கம் தள்ளிவிட்டார்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். வெயிலில் தொப்பியில்லாமல் மேல்தளத்துக்குப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

*

என்னவருக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. முதல் வரியில் எதையும் தொடாதே என்று எழுதியிருந்தீர்கள். கடைசி வரியில், கேப்டன் இன்னொரு நீண்ட பயணத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார், யோசிக்கிறேன் என்று இருந்தது. நடுவில் வானிலை. இரண்டு இடி இடித்துவிட்டு நடுவில் வானிலை எழுதுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

யோசியுங்கள். நான் தடுக்கவில்லை. நான் பாட்டுக்குப் பூட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழைய சீல்கள் தேய்ந்திருந்ததால் புதியவை வாங்கினேன். அவை நீளமாக வரும், நம் இஞ்சினின் அகலத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். லேத் பட்டறைக்கு அத்தையும் கூடவே வந்தார். பட்டறைக்காரர் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்து, வீட்டில் ஆம்பளைங்க யாரும் வரவில்லையா என்று கேட்டார். "ஆம்பள கப்பல்ல இருக்கான், இரும்பு இங்க இருக்கு, நீ இரும்பைப் பாருப்பா" என்று அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேலை முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

இனிமேல் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. இத்தனை வருஷம் துணி வெட்டிய கை என்னுடையது. எந்த அளவு சொன்னாலும் ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் வெட்டும். நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம் இல்லையா? அந்தப் பழக்கத்தில் பட்டறைக்காரரிடமும் ஒரு நூல் கூடுதலாக விட்டு வெட்டச் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை பார்த்த பார்வையில் கேட்டபடியே வெட்டிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அடுக்கினால் மூடி உட்காரவில்லை. மெல்லிய ஒரு சந்து தெரிந்தது. இறுக்கினால் சரியாகிவிடும் என்று அத்தையும் நானும் ஆளுக்கொரு பக்கம் ஸ்பேனரைப் பிடித்து இறுக்கினோம். உள்ளே மளுக்கென்று ஒரு சத்தம். அத்தை தன் இடுப்புதான் போயிற்று என்று தடவிப் பார்த்துக்கொண்டார். இடுப்பு நன்றாக இருந்தது. சீல் இரண்டாக இருந்தது.

மறுபடி பட்டறைக்குப் போனோம். "துணி மிச்சமிருந்தா மடிச்சுத் தைக்கலாம், இரும்பை எங்கம்மா மடிப்பீங்க" என்றார் அவர். நியாயமான கேள்வி. இந்த முறை அவர் சொன்ன அளவு, இஞ்சினைவிட ஒரு மயிரிழை குறைவு. குறைத்து வெட்ட என் மனம் ஒப்பவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தேன்.

இதற்கு நடுவே ஒரு நாள் உட்கார்ந்து அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சீல் உடைந்ததற்காக இல்லை. கையெல்லாம் கறுப்பாக, இரும்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது, நீங்கள் வர விரும்பவில்லை என்றால் இதையெல்லாம் யாருக்காகப் பூட்டுகிறேன் என்று தோன்றிவிட்டது. அத்தை துடைக்கத் துணி கொண்டுவந்து போட்டார். அது வாடிக்கையாளர் கொடுத்த புதுத் துணி என்பது பிறகுதான் தெரிந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் என் அடுத்த கடிதத்தைப் படித்துவிடுங்கள். இதை மட்டும் செய்யுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

*

என்னங்க,

இஞ்சின் ஓடிவிட்டது.

எப்படி ஓடியது என்பதை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதீர்கள். பட்டறைக்காரர் சங்கிலியும் கப்பியும் கொண்டுவந்து இஞ்சினைத் தூக்கி, வாசலுக்கு உள்பக்கம் நிற்கும் வண்டிக்குள் இறக்கிக் கொடுத்தார். இப்போது அவர் என்னிடம்தான் பேசுகிறார், தெருவோடு பேசுவதில்லை. அத்தை வாசலுக்குக் குறுக்கே என் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார். கோட்டைத் தாண்டினால் உங்கள் கப்பல் உத்தியோகம் காலி. அதுவும் தன் காலால் தாண்ட வேண்டும்.

சாவியைத் திருப்பினேன். இருமியது. மறுபடி திருப்பினேன். பெட்ரோல் வாசனைதான் வந்தது. இந்த வகை இஞ்சின் பொறி பிடிப்பதற்குள் பெட்ரோலைக் குடித்துக் குடித்து மூழ்கிவிடுமாம். பிளக்குகளைக் கழற்றி, ஈரம் போக வெயிலில் காயவைத்து, மறுபடி மாட்டினேன். அடுத்த திருப்பலில் பிடித்துக்கொண்டது.

சத்தம் இருக்கட்டும், புகைதான் விஷயம். பூட்டும்போது உள்ளே தடவிய களிம்பு முழுவதும் எரிந்து வெளியே வந்தது. தெரு வெள்ளையாகிவிட்டது. தெரு முழுக்க அத்தையின் குதிகால் வாசனை. மாடிவீட்டுக்காரர் வீடு பற்றிக்கொண்டது என்று தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார். மணியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். புகைக்குள் அத்தை மட்டும் நாற்காலி போட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, முதலில் அவரைத்தான் தூக்கப் பார்த்தார்கள். என்னைத் தூக்கினால் கோட்டை யார் பார்ப்பது என்று அவர் சத்தம் போட்டார்.

விஷயம் தெரிந்ததும் அவர்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. குழாயை ஓரமாகப் போட்டுவிட்டு, நாங்கள் தள்ளிவிடுகிறோம் என்று வந்தார்கள். "தள்ளினா கணக்கில்ல, கைய எடுங்க" என்றார் அத்தை. அவ்வளவு பேரும் கையை எடுத்துவிட்டார்கள்.

நான் கியரைப் போட்டேன். வண்டி நகர்ந்தது. படுத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி இருந்தது, ஆனால் நகர்ந்தது. என் கையால் பூட்டியது, தன் காலால் போகிறது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. தெருவே போ போ என்று கத்துகிறது. சாக்கட்டிக் கோடு கண்ணுக்கு நேரே வருகிறது.

பிரேக்கை மிதித்துவிட்டேன்.

வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. வண்டி நின்ற இடத்தில் இஞ்சின் சீராக ஓடிக்கொண்டுதான் இருந்தது. சக்கரத்துக்கும் கோட்டுக்கும் ஒரு முழம் இருக்கும். அப்படியே அணைத்துவிட்டு இறங்கிவிட்டேன். தீயணைப்புக்காரர்களுக்குப் பெரிய ஏமாற்றம். அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுத் தட்டை மட்டும் சத்தமாக வைக்கிறார்.

ஏன் நிறுத்தினேன் என்று நீங்களும் கேட்பீர்கள். தாண்டியிருந்தால் நீங்கள் வந்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். சொன்ன சொல்லை விழுங்குகிறவர் இல்லை நீங்கள். ஆனால் வாக்குக்காக வந்தவர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, மனசைக் கப்பலிலேயே வைத்திருப்பார். ஸ்பேனரைப் போட்டு இறுக்கினால் என்ன ஆகும் என்பதை நானும் அத்தையும் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

இரும்புக்குக் கூடுதலாக இடம் விட்டு வெட்டக் கூடாது என்று பட்டறையில் படித்துக்கொண்டேன். உங்களுக்கு விடலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஒரு முழத்தை உங்களுக்காக விட்டிருக்கிறேன். கோட்டைத் தண்ணீர் ஊற்றி அழிக்கவில்லை, மழை வந்தால் அத்தை திரும்பக் கிழிப்பார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அத்தைக்கு நான் பொறுப்பில்லை. சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறார், நேற்று ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் போய்க் கட்டணமும் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கு நீங்கள் வீட்டில் வேண்டும். போனில் இதைச் சொன்னால் அலை அடிக்கும், அதனால் எழுதியிருக்கிறேன். நல்லபடியாக இருங்கள். வந்தால் பெட்டியைக்கூட இறக்க வேண்டாம், நேரே வண்டியில் ஏறுங்கள். பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். அந்த ஒரு முழத்தை நீங்கள் ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
வாசல் பார்த்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி