அந்தப் பயறு நான் வாங்கியது

இன்று காலையில் சமையலறைக்குள் நுழைந்ததும் உன் ஞாபகம் வந்தது. ஊறிய வால் பயறின் வாசனைதான் காரணம். மழை விழுந்த சாக்கு மாதிரி, பச்சையாகக் கொஞ்சம் மக்கலாக ஒரு வாசனை அடிக்குமே, அதேதான். மருமகள் செம்பூர் மார்க்கெட்டில் வாங்கி வந்து நேற்றே ஊறப் போட்டிருந்தாள். தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. பயறையும் தண்ணீரையும் சேர்த்து அப்படியே குக்கரில் கவிழ்க்கப் போனாள்.

"ஏ, நில்லு! மொதல்ல அந்தத் தண்ணியக் கொட்டு."

நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்துவிட்டாள். "என்னத்த, வெறும் தண்ணிதான?" என்றாள்.

வெறும் தண்ணீர்தான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். நீ கண்ணை மூடி இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அந்த இடத்திலேயே தோன்றியது.

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் அஞ்சாம் வகுப்பு. தாராவியில் நம் சந்துப் பெண்களில் கார்டு எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற கர்வம் எனக்கு அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. உன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை நீ சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். முடித்ததும், "இப்பப் படிளா" என்பாய். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாய். கடைசியில் ஒவ்வொரு தடவையும், "ஒண்ண விட்டுட்டியே" என்பாய். ஆடு குட்டி போட்டதா என்று கேட்கச் சொன்னது விட்டுப் போயிருக்கும். கார்டின் ஓரத்தில் நுணுக்கி எழுதிக் கொடுப்பேன்.

நமக்கு ஒரே வயசு. நீ எனக்கு இரண்டு வருசம் முன்னால் பம்பாய்க்கு வந்தவள். உன் ஒற்றை அறைக் கோலிக்கும் என் கோலிக்கும் நடுவில் ஒரு சாக்கடையும் அதன் மேல் ஒரு பலகையும்தான். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் கல்யாணமாகி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்போதுதான் ஊரிலிருந்து பெரியத்தான், என் வீட்டுக்காரரின் அண்ணன், வந்து இறங்கினார். வந்த அன்றைக்கே ஒற்றை அறையைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், குழாயடி வரிசையைப் பார்த்தார். "பொம்பளப் பிள்ள குடியிருக்க எடமா ஏல இது? திரும்பிப் போகும்போது நான் கூட்டிட்டுப் போறேன். நீ வருசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துக்க" என்று தம்பியிடம் சொன்னார்.

அண்ணன் சொன்னால் அவுக மறுத்துப் பேச மாட்டாக. எங்கள் ஊரில் அப்படி எத்தனையோ பெண்கள் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் புருசன் முகம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கு அந்த வாழ்வு வேண்டாம். இங்கேயும் குடும்பம் நடத்த என்னால் முடியும் என்று அவருக்குக் காட்டிவிட நினைத்தேன். அதற்கு எனக்குத் தெரிந்த வழி சமையல் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைப்பது என்று முடிவு செய்தேன்.

சேட்டு கடையில் நம்மூர் மொச்சை இல்லை. இருந்தது, இங்கே வால் என்கிற பயறு. சின்னதாக, காவி நிறத்தில், பார்த்தால் மொச்சைக்குத் தங்கச்சி மாதிரி. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு பயறு ஊறப் போட இன்னொருத்தியிடம் போய் நிற்பதா என்று நினைத்து வாங்கி வந்துவிட்டேன். மறுநாள் ஊறின தண்ணீரைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. நாம் வரிசையில் நின்று பிடிக்கிற இரண்டு குடம்தான் அன்றைய நாளுக்கு. அதிலும் வீட்டில் விருந்தாளி. அந்தத் தண்ணீரிலேயே பயறை வேகவைத்து, அதிலேயே புளியைக் கரைத்து, நெத்திலியையும் போட்டு இறக்கினேன்.

கோயில் ஆராதனை முடிந்து வந்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெரியத்தான் ஒரு வாய் வைத்தார். மென்றார். எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பினார்.

"வேப்பங்கொட்டையவா அரைச்சுப் போட்ட?"

நான் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அடித்தொண்டை வரை கசந்தது. அவுக தலையைக் குனிந்துகொண்டு அந்தக் குழம்பையே சாப்பிட்டுக்கொண்டிருந்தாக. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

"பெட்டியக் கட்டு தாயி. இந்த ஊரு ஒனக்கு ஒத்து வராது" என்றார் பெரியத்தான்.

அப்போது நீ உன் வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய். பலகையைத் தாண்டி வந்தாய். சட்டியை எட்டிப் பார்த்ததுமே உனக்கு விளங்கிவிட்டது. என் முகத்தை ஒரு தடவை பார்த்தாய்.

"அண்ணாச்சி, அவள வைய்யாதிய. அந்தப் பயற நாந்தான் குடுத்தேன். மொதத் தண்ணியக் கொட்டணும், தோல உரிக்கணும்னு சொல்ல மறந்து தொலைச்சிட்டேன். நாளைக்கு மத்தியானம் அவ கையால ஒரு சாப்பாடு சாப்புடுங்க. அப்புறம் எந்த வண்டியில வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க."

நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ஆண்கள் வெளியே போனதும், ஒரு துணி முடிச்சைக் கொண்டு வந்தாய். உன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியதுதான். மில்லில் வேலை பார்த்த உன் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும் என்று இரண்டு நாளாக ஊறவைத்து, தண்ணீர் மாற்றி, கட்டி வைத்திருந்த வால். ஒவ்வொன்றும் நகக்கண் நீளத்துக்கு முளை விட்டிருந்தது. உன் குடத்துத் தண்ணீரையே வெதுவெதுப்பாக்கி அதில் போட்டு, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தோல் உரித்தோம்.

"நசுக்காதளா. மெதுவா ஒரு பிதுக்கு. சட்டையக் கழட்டிட்டு அதுவே வெளிய வரும்."

"இத யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"குழாயடியில ஒரு மராட்டிக்காரி. அதுக்கு முன்ன நானும் கசக்கக் கசக்கத் தின்னவதான். எங்க வீட்டுல மச்சினன், மாமன்னு யாரும் இல்ல, அதனால பெட்டியக் கட்டச் சொல்லலை" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். கண்ணிலிருந்து வந்த தண்ணீருக்குப் பழியை வெங்காயத்தின் மேல் போட்டேன். வெங்காயம் இன்னும் உரிக்கவே இல்லை என்று நீ சுட்டிக் காட்டினாய்.

கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்துக் குலுக்க வேண்டும் என்றாய். புளி கடைசியில்தான், முன்னாலேயே ஊற்றினால் பயறு கல்லாக நின்றுவிடும் என்றாய். தாளிப்பும் மசாலாவும் என்னுடையவை. அதை நான் விட்டுத்தர மாட்டேன். ஒரு பயறுகூட உடையாமல், வெண்ணெய் மாதிரி வெந்திருந்தது.

பெரியத்தான் மூன்று தடவை குழம்பு வாங்கினார். கை கழுவிவிட்டு, "சரி, இருந்து குடும்பத்தப் பாரு" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு சொன்னார்: "கைப்பக்குவம் இருக்கு ஒனக்கு. அந்த எதுத்த வீட்டுக்காரி பேச்ச மட்டும் கேக்காத. நேத்து ஒன் பேரக் கெடுக்கப் பாத்தா பாரு."

அவர் தின்றது உன் பயறு. நீ உன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அறுபதுகள் முடிவதற்குள் எங்களுக்குச் செம்பூரில் வீடு கிடைத்தது. வீட்டு ஜெபத்துக்கு நீயும் வந்தாய், நெற்றி நிறையக் குங்குமமும் கை நிறைய மல்லிகையுமாக. அதே பெரியத்தான் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "வாம்மா கசப்புப் பயறு! இன்னைக்கு யாருக்குக் குடுக்கக் கொண்டு வந்திருக்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்று நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன் என்பதை எழுதாமல் விட முடியாது.

பஸ் ஏற்றிவிட உன்னோடு நடந்து வந்தேன். பஸ் தூரத்தில் தெரிந்ததும் நீ சொன்னாய்: "இத்தன பேரு முன்னால நீ ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ளா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் உன் பையை வாங்கி மேலே வைத்தேன். பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகும் நீ வந்தாய். நான் கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்தனுப்பினேன், நீ பொங்கலுக்குக் கரும்பு கொண்டு வந்தாய். அந்தப் பேச்சை மட்டும் நீ திரும்ப எடுக்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியத்தானின் மகன் சாப்பிட வந்திருந்தான். நீ போய்விட்டாய் என்று சொன்னதும், "யாரு, சித்திக்குக் கசப்புப் பயறு குடுத்தாங்களே, அவங்களா?" என்று கேட்டான். பெரியத்தான் போய் எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. அவர் வைத்த பேர் மட்டும் போகவில்லை.

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். "அந்தப் பயறு அவ குடுத்ததில்ல. நான் வாங்கினது. கசப்பு என் சமையல். மறுநாள் ஒங்கப்பா ருசிச்சுத் தின்னதுதான் அவ குடுத்தது. அவ இல்லன்னா நான் இந்த ஊர்ல இல்ல. இந்த வீடும் இல்ல" என்றேன்.

 என் மகன், "விடும்மா, பழைய கதை" என்று சொல்லிக்கொண்டே ரசத்தை எடுத்தான். அவர்களுக்கு அது அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. இத்தனை பேர் முன்னால் ஒரு தடவை சொல்லிவிட்டேன். நீ கேட்கிற தூரத்தில் இல்லாதபோது சொன்னேன்.

இன்று குக்கரை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். தண்ணீரைக் கொட்டி, பயறைத் துணியில் கட்டி ஆணியில் மாட்டியிருக்கிறேன். நாளை மறுநாள் மருமகளையும் உட்கார வைத்து உரிக்க வேண்டும். என் விரலுக்கு அந்தப் பிதுக்கு மறக்கவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, வழக்கப்படி உனக்கு உரக்கப் படித்தேன். படித்து முடித்துவிட்டுக் காத்திருந்தேன், நீ சொல்வாயே, அதற்காக. சரிதான். ஒன்றை விட்டுவிட்டேன். ஓரத்தில் நுணுக்கி எழுதுகிறேன்:

உன் வீட்டுப் பயறு என் அடுப்பில் வெந்த அந்தத் திங்கட்கிழமை மத்தியானம், மில்லிலிருந்து வந்த உன் வீட்டுக்காரருக்கு நீ எதைப் போட்டுச் சோறு கொடுத்தாய்? நான் கேட்கவே இல்லையே.