ஒற்றைப் பிள்ளைக்காரி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஹேஸேயில் நம் தோட்டத்துப் பியோனிகள் பூத்து முடிந்திருக்கும். நான் நலம். நேற்று சரிவில் வழுக்கியதில் இடது மணிக்கட்டு கொஞ்சம் வீங்கியிருக்கிறது. எழுதும் கை அல்ல, கவலை வேண்டாம்.

வழுக்கியதும் நல்ல காரியத்துக்குத்தான். இங்கே திபெத்தில், நான் தங்கியிருக்கும் ஊருக்கு மேலே உள்ள மஞ்சள் பியோனிப் புதர்களை வெட்டிவிட்டு, சுற்றுலா வண்டிகள் நிற்க இடம் செய்யவிருந்தார்கள். திபெத்தில் மட்டுமே வளரும் அரிய இனம் என்றால் வெட்டக் கூடாது. மற்ற மலைகளிலும் வளரும் அதன் தங்கை இனம் என்றால் தடையில்லை. எந்த இனம் என்று சொல்லும் பொறுப்பை, தாவரவியல் டீச்சர் என்று என்னிடம் விட்டார்கள். பூவை மட்டும் பார்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கை இனம் வேரோடிப் பரவும். ஒரு பூவுக்கு மூன்று நான்கு காய் வைக்கும். அரியது விதையால் மட்டுமே பெருகும். பெரும்பாலும் ஒரே காய்தான். அதனால் இதழ் உதிரும்வரை காத்திருந்தேன்.

நேற்று ஊர்த்தலைவி யூதோனுடன் புதர் புதராகப் பார்த்தேன். பக்கக் கன்றே இல்லை. எங்கும் ஒற்றைக் காய்!

"அட, ஒத்தப் புள்ளக்காரியா இவ! பூத்தப்பவே சொன்னா என்ன டீச்சர்?"

"அப்ப சந்தேகமா இருந்துச்சு."

"கல்யாணத்துக்கும் காய் வைக்கிற வரைக்கும் யோசிச்சீங்களோ?"

அந்தப் பெயருக்கும் இந்தக் கேலிக்கும் சேர்த்துச் சிரித்ததில்தான் கால் வழுக்கியது. வண்டிகள் இனி களத்துமேட்டில் நிற்கும்.

உங்கள் கம்பளிக் கையுறையை அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போட்டுக்கொள்வதே வேண்டும். தபால் கொண்டுபோகும் ஜீப் கிளம்புகிறது. யூதோன் வைத்த பெயருக்கு நான் ஏன் அவ்வளவு சிரித்தேன் என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

உங்கள் ஒரே காய்,
யின்லான்