திரும்பிப் போன குழாய்ப் பணம்

கரிசலேந்தல்,
28-5-1975.

அன்பு மகன் காளிராஜுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மருமகள் மூக்கம்மாவும் கரக்பூரில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அய்யாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படி. மூக்கம்மா பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படி.

உன் மைத்துனன் மகன் தனுஷ்கோடி சித்திரையில் இறந்துவிட்டான். மூக்கம்மா இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்த பிள்ளை, அண்ணன் மகன் என்றா பார்த்தாள், தன் பிள்ளை மாதிரி அல்லவா வைத்திருந்தாள். மாசமாக இருக்கிறவளுக்குத் தெரிய வேண்டாம், தந்தி அடிக்காதே என்று அவள் அப்பா, உன் மாமா சொல்லிவிட்டார். உன்னிடமாவது சொல்லியிருக்க வேண்டும், என்னால் முடியவில்லை. போன ஐப்பசியிலேயே அவனுக்கு வயிற்றுவலி வந்து சுருண்டு விழுந்தான். பிறகு கை கால் வெட்டி இழுத்தது. பேய்க்கோளாறு என்று வேப்பிலை அடித்தார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள், கடைசியில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் உதட்டைப் பிதுக்கி ஈறைப் பார்த்தார், நீலமாக ஒரு கோடு ஓடியது. எந்தத் தண்ணீர் குடிக்கிறான் என்று கேட்டார். உன் தாத்தா யுத்தம் முடிந்த சமயம் மதுரையில் ஏலத்தில் எடுத்துவந்து ஊருணித் தொட்டியிலிருந்து நம் தெருவுக்குப் போட்ட குழாய் என்றேன். ஈயமா என்றார். ஆமாம் என்றேன். அந்தத் தண்ணீரை இனிமேல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், ஈயம் தண்ணீரில் கரைந்து இரத்தத்தில் ஏறியிருக்கிறது என்றார். தெருவில் இன்னும் யார் யாருக்கு வயிற்றுவலி என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு ஒவ்வொரு வீடாக ஞாபகம் வந்தது.

நான் அன்றிலிருந்து ஊருணிக்கே போய்க் குடத்தில் கொண்டுவந்தேன். உன் மாமா கேட்கவில்லை. "எங்க அய்யா போட்ட கொழாயி வெசமா? முப்பது வருசமாக் குடிச்சு நான் கல்லு மாதிரி இருக்கேன்ல" என்று சத்தம் போட்டார். அவர் வீட்டில் அதே தண்ணீர்தான், ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிள்ளையும் அதையே குடித்தான். ஆனால் டாக்டர் சும்மா இருக்கவில்லை, மேலிடத்துக்கு எழுதிவிட்டார். தையில் யூனியன் ஆபீசிலிருந்து ஆபீசர் வந்து குழாயைக் கத்தியால் கீறிப் பார்த்தார். ஈயக்குழாயை எடுத்துவிட்டு இரும்புக்குழாய் போட சர்க்கார் பணம் தருகிறது, ஊர் ஒரு காசும் போட வேண்டாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான், குழாய் நம் தெருவோடு நிற்கக் கூடாது, ஓடையைத் தாண்டிக் காலனிக்கும் போக வேண்டும். பங்குனி முடிவதற்குள் பஞ்சாயத்து சம்மதம் எழுதிக் கொடுக்காவிட்டால் பணம் திரும்பிவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாசியில் கூட்டம் போட்டார்கள். தலைவர் என்ற முறையில் உன் மாமாதான் நடுவில் உட்கார்ந்திருந்தார். "நாம குடிக்கிற தண்ணியும் அவனுக குடிக்கிற தண்ணியும் ஒரே கொழாயில வாரதா? அப்படி ஒரு கொழாயி நமக்கு வேண்டாம்" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பெண் உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால் என்னையும் ஒரு ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள் அல்லவா, நான் எழுந்துவிட்டேன். "அண்ணே, காலனியில ஒரு பிள்ளைக்காச்சும் இந்த நோக்காடு இருக்கா? நம்ம கொழாய்கிட்ட அவுகள விடல, அவுக பிள்ளைக நல்லாருக்கு. நம்ம பிள்ளைகதான சாகக் கெடக்கு" என்றேன். உன் மாமா முகம் கறுத்துவிட்டது. "ஒன்னைய உக்காரத்தான் வச்சிருக்கு, பேச இல்ல" என்றார். கூடப் பிறந்தவர் என்னைச் சபையில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று எழுதினார்கள், நான் கையெழுத்துப் போடவில்லை. பங்குனி முடிந்தது, பணம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு பிள்ளைக்கு மறுபடி கை கால் வெட்டி இழுத்தது, பஸ்ஸில் கொண்டுபோகிற வழியிலேயே, மல்லாங்கிணறு தாண்டுவதற்குள், அவன் அம்மா மடியில் அடங்கிவிட்டான்.

அடக்கம் முடிந்த மறுநாள் உன் மாமா கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் குழாய் முழுவதையும் தோண்டி எடுத்துப் போட்டார். யாரையும் கிட்டே விடவில்லை. உள்ளங்கை கிழிந்து இரத்தம் வடிந்தது. விலைக்குக் கேட்டு வந்த பழைய இரும்புக்காரனைக் கல்லை எடுத்து அடிக்கப் போனார். இப்போது ஊருணியும் வறண்டு சேறாகிவிட்டது, இந்த வருசம் மழை இல்லாமல் வானத்தைப் பார்த்தபடிதான் இருக்கிறோம். தண்ணீர் இருப்பது காலனிக் கிணற்றில் மட்டும்தான். விடியுமுன் நம் தெருப் பெண்கள் குடத்தோடு அங்கேதான் போகிறோம். ஆம்பிளைகள் குடிக்கிறார்கள், எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. முதல் நாள் நான் போனபோது அந்தத் தெருக் கருத்தம்மாள் கயிற்றைப் பிடித்தபடியே, "எங்க பக்கம் கொழா வரும்னுதான் வேண்டாம்னு எழுதுனாகளாமே, நெசமா தாயி?" என்று கேட்டாள். நெசம்தான் என்றேன். அவள் இறைத்து என் குடத்தை நிரப்பிவிட்டாள். வீடு வரைக்கும் எனக்குக் கண் தெரியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். தலைப்பிரசவத்துக்கு மூக்கம்மாவை அனுப்புவதாக எழுதியிருந்தாய். அனுப்ப வேண்டாம். நானாகச் சொல்லவில்லை. நேற்று மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தபோது உன் மாமா வந்தார். கூட்டத்துக்குப் பிறகு என் வாசலை மிதிக்காதவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஜக்கு, பிள்ளைய முழுங்குன இந்த ஊருல எம் மகள விட வேண்டாம்னு மாப்பிள்ளைக்கு எழுது. எனக்கு எழுத வரல" என்று சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். பெற்ற மகளைத் தலைப்பிரசவத்துக்கு வராதே என்று சொல்ல ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும், நீயே நினைத்துப் பார்.

ஆகையால் பிரசவம் அங்கேயே, உங்கள் ரயில்வே ஆஸ்பத்திரியில் நடக்கட்டும். ஆடி பிறந்ததும் நான் புறப்பட்டு வருகிறேன், அய்யா மதுரையில் ரயில் ஏற்றிவிடுவார். தனுஷ்கோடி செய்தியை நீயே பக்குவமாக, அவள் சாப்பிட்ட பிறகு சொல். அழுதால் அழவிடு. உங்களுக்கு அம்மையும் அப்பனுமாகக் குலதெய்வம் இருந்து தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரித்து வைக்கட்டும், நீ தீர்க்காயுசாக இரு. மறக்காமல் உங்கள் குவார்ட்டர்ஸ் குழாயைக் கத்தியால் கீறிப் பார், மெத்தென்று வெட்டுப்பட்டு வெள்ளியாக மினுங்கினால் அந்தத் தண்ணீரை அவள் வாயில் வைக்கவே கூடாது. பார்த்துவிட்டு உடனே எனக்கு எழுது.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
ஜக்கம்மாள்.