கோமுவுக்குச் சேரவேண்டிய அட்டைகள்

என் ஆசைக் கோமு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போது போய் அப்படிக் கேட்டால் "இன்னாடி, லூசா நீ?" என்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அது உனக்கும் தெரியும். அது தீர்ந்துவிட்டது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். முழுசாகத் தீரவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இங்கத்திய நடப்பு. காலேஜ் பஸ் அதேதான். உங்கள் வெள்ளானூரில் கிளம்பி, சேக்காட்டில் என்னை ஏற்றிக்கொண்டு, பூந்தமல்லி தாண்டி வேலப்பன்சாவடி வருகிறது. டிரைவர் மட்டும் மாறிவிட்டார். புது ஆள் தினமும் இரண்டு நிமிஷம் முன்னாலேயே வந்து நின்றுகொண்டு, நான் ஏதோ தாமதமாக வந்த மாதிரி பார்க்கிறார். வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் நினைக்கிறேன். சிரிக்காதே. கீரைக்கட்டை அவிழ்த்து, நடுவில் பழுத்த இலை ஒளித்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்குகிறவள் நான். என் குணம் உனக்குத் தெரியாததா?

விலங்கியல் துறையில் உன் மேஜைக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். டாக்டர் பட்டம் முடித்தவள். அவள் வந்த பிறகு நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்துவிட்டதாக ஒரு கடிதமாவது காட்டாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றது. இப்படி 'பார்க்கலாம்' என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்களை நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து வழியனுப்பியிருக்கிறோம்.

ஆராய்ச்சிக்கு நாம் இரண்டு பேரும் கேட்டிருந்த கைடும் போன் செய்தார். அவரிடம் இருந்த அந்த ஒரே இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். நுழைவுத் தேர்வு வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஹால் டிக்கெட் வந்து பத்து நாள் ஆகிறது. நான் புத்தகத்தைத் தொடவே இல்லை. தொட்டால் உன் ஞாபகம் வரும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அது பாதி உண்மை.

அந்தப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? முதல் தடவை இரண்டு பேருமே ஆங்கிலத்தில் கோட்டைவிட்டோம். மீனின் செவுளைப் பற்றி எத்தனை பக்கம் கேட்டாலும் எழுதுவோம். பாழாய்ப்போன வார்த்தைகளும் இலக்கணமும் பாதிப் பரீட்சையை விழுங்கிவிட்டன. உடனே செங்கல் கனத்தில் ஒரு வார்த்தைப் புத்தகம் வாங்கினாய். ஒரு காலத்தில் தவளை அறுத்த லேப் கத்தியால் அதை முதுகோடு அறுத்தோம். ஏ முதல் எல் வரை உனக்கு, எம் முதல் இசட் வரை எனக்கு. "பாகம் பிரிச்சாச்சி, இனிமே நாம பங்காளிங்கடி" என்றாய்.

அவரவர் பாகத்தில் இருக்கும் வார்த்தைகளுக்கு அவரவர் அட்டை எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு, தனக்கு ஒன்று, அடுத்தவளுக்கு ஒன்று. திங்கட்கிழமை தோறும் பஸ்ஸில் மாற்றிக்கொள்ள வேண்டும். அட்டைக்கு நமக்கு என்ன பஞ்சம்? வெள்ளானூரில் பாதி ஊர் உனக்குச் சொந்தம், முகூர்த்த மாதம் வந்தால் கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வந்து குவியும். அவற்றை வெட்டி, வெற்றுப் பக்கத்தில் எழுதினோம். 'டெனேஷியஸ்', அதாவது விடாப்பிடி, என்ற வார்த்தையைத் திருப்பினால் பின்னால் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று இருக்கும்.

ஒவ்வொரு வார்த்தைக்கும் காலேஜிலேயே ஓர் ஆளைப் பிடித்துவைப்பாய். 'ஃப்ரூகல்' என்றால் சிக்கனம். "நம்ம பிரின்சிபல்டி, ஆள் உள்ள இருக்கச்சொல்லோவே ஃபேனை நிறுத்துதே!" இலக்கணத்துக்கு ரோட்டில் நடப்பதே போதும். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு எருமை குறுக்கே வந்து, டிரைவர் பிரேக் போட்டார். நீ எழுந்து நின்று, 'எருமை டிரைவரால் காப்பாற்றப்பட்டது' என்று ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையில் அறிவித்தாய். பஸ்ஸே கைதட்டியது. அன்றைக்குத் தோற்றவள் ஜன்னல் சீட்டை விட்டுத் தர வேண்டும். வருஷம் முழுக்க எனக்கு ஜன்னல் காற்றுப் பட்டது கொஞ்ச நாள்தான்.

அப்புறம்தான் அந்த போன் வந்தது. லேபில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு இரண்டு பேரும் கேட்டோம். "உங்கள்ல ஒருத்தரைத்தான்மா எடுக்க முடியும். எங்கிட்ட ஒரே இடம்தான் காலி" என்றார் கைடு. போனை வைத்ததும் நீ சிரித்தாய். "யாருக்குக் கெடச்சா இன்னாடி? நம்ம ரெண்டு பேர்ல ஒருத்திக்குத்தானே?" நானும் ஆமாம் ஆமாம் என்றேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் அதிக நேரம் சிரித்துவிட்டாய் என்று பட்டது.

இரண்டாவது தடவை நீ தேறினாய். எனக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது. வினாத்தாளில் 'ஃபாஸ்டிடியஸ்' என்று ஒரு வார்த்தை, எஃப்பில் தொடங்குவது, உன் பாகம். அப்படி ஓர் அட்டை என் கைக்கு வந்ததே இல்லை. முடிவு வந்த மறுநாள் பஸ்ஸில் வாழ்த்துக்கூடச் சொல்லாமல் அதைத்தான் கேட்டேன்.

"வந்திருக்கும்டி. நீ எங்கனா தொலைச்சிருப்பே."

"நான் எதையும் தொலைக்கிற ஆள் இல்லைன்னு உனக்கே தெரியும், கோமு."

"அப்போ இன்னா, நான் ஒளிச்சிவெச்சேன்றியா? எங்க ஊட்டு மாட்டு மேல சத்தியமா சொல்றேன், எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

மாட்டின் மேல் எதற்குச் சத்தியம் பண்ணினாய்? அதுதான் எனக்கு முள்ளாகத் தைத்தது. வீட்டில் அத்தனை பேர் இருக்க, மாட்டைத் தேடிப் பிடித்தாயே! அன்றிலிருந்து நான் கடைசி சீட்டுக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் உன் பையை வைத்துக்கொண்டே வந்தாய். எனக்கு இடம் பிடித்தாயா? இல்லை, வேறு யாரும் வந்து உட்காரக்கூடாது என்றா?

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ்ஸில் நீ இல்லை. நேர்முகத் தேர்வுக்கு இரண்டே நாள் இருந்தது. அதற்காக லீவு போட்டுவிட்டாள், கெட்டிக்காரி என்று பல்லைக் கடித்தேன். காலேஜ் வாசலில் இறங்கியதும் சொன்னார்கள். விடியற்காலை மாட்டுக் கொட்டகையில் நெஞ்சு எரிகிறது என்றாயாம், வாயு என்று நினைத்து சோடா வாங்கிவரச் சொன்னாயாம். சோடா வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தொன்பது வயசு, கோமு. அதே பஸ்ஸில் உன் வீட்டுக்கு வந்தோம். அப்போதும் நான் கடைசி சீட்டில்தான் இருந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் பிரின்சிபல் பேசினார், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. "கள்ளம் கபடம் தெரியாத பெண்மணி" என்றார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், நெருங்கிய தோழியாயிற்றே. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்று இப்போது சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. கைடு போன் செய்த அந்த வாரத்திலிருந்து நானும் உனக்கு எல்லா அட்டையையும் கொடுக்கவில்லை. எம் முதல் இசட் வரை கடினமாகப் பட்டதையெல்லாம் எடுத்துவைத்தேன். அடுத்த திங்கட்கிழமை கொடுக்கலாம், அதற்கடுத்த திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மொத்தம் முப்பத்தெட்டு அட்டை. லேபில் என் லாக்கரில், நுண்ணோக்கி உறைக்கு அடியில் கிடந்தன. உன்னைச் சந்தேகப்பட்டதே அதனால்தான். நான் செய்ததை நீயும் செய்திருப்பாய் என்று தோன்றியது.

நீ செத்த பிறகு அந்தச் சந்தேகமும் தலைகீழாகிவிட்டது. ஊரே உன்னைத் தங்கம் என்கிறது. அப்படியானால் அழுக்கு என்னிடம் மட்டும்தானா? ஒரு வருஷமாக இதே எண்ணம்தான். புத்தகத்தைத் தொடாததன் மீதிப் பாதி உண்மை இது.

போன சனிக்கிழமை உன் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் பைக்கில் சேக்காட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். ஒரு வருஷம் கழித்து எதற்கு வருகிறார்? திறந்து பார்த்தாரா? வாசலிலேயே அவர் முகத்தை நோட்டம் விட்டேன்.

"ஊடு வெள்ளையடிக்கச்சொல்லோ பரண்ல கெடந்துச்சி டீச்சர். எல்லாம் இங்கிலீசு. எனுக்கு இன்னா தெரியும்? உங்க பேரு எழுதிகீதுன்னு பொண்ணு சொல்லுச்சி, அதான் எத்தினு வந்தேன்."

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்களுக்குள்ள இன்னா சண்டைன்னு அப்போ கேட்டேன் டீச்சர். 'அது பங்காளித் தகராறு, நீ உள்ள பூராத'ன்னுச்சி. சிரிச்சிகினுதான் சொல்லுச்சி. ஆனா அன்னிக்கு ராவு சோறு துன்னல" என்றார்.

இரண்டு நாள் டின்னைத் திறக்கவில்லை. பீரோவின் மேல் வைத்துவிட்டுப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை காலை, பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது திறந்தேன்.

உன்னுடைய பழைய அட்டைகள். அவற்றுக்கு அடியில், தலைமுடி ரப்பர் போட்ட ஒரு தனிக் கட்டு. எல்லாம் ஏ முதல் எல் வரை, எல்லாம் கடினமானவை. நாலாவது அட்டையே 'ஃபாஸ்டிடியஸ்'. எதிலும் நொட்டை பார்க்கிறவள் என்று அர்த்தம், பிறகு எதிர்ச்சொல், ஒரு வாக்கியம். 'செல்வி கீரைக்கட்டை அவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்குவாள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய்.

"அடிப்பாவி!" என்று கத்தினேன். வாயில் பற்பசை நுரையோடு வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவரிடம் என்ன சொல்வது? எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. அதிலும் என்னை மூன்றால் ஜெயித்திருக்கிறாய்!

எனக்குச் சிரிப்பு வந்தது, கோமு. ஒரு வருஷத்தில் அப்படிச் சிரிக்கவில்லை. என் சந்தேகம் சரி! நீ தங்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னை மாதிரியே ஒரு திருடி. அந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன்? பாவம் அந்த மாடு.

அப்புறம்தான் அட்டைகளின் மூலையைப் பார்த்தேன். நாற்பத்தொன்றிலும் 'செல்வி' என்று எழுதியிருந்தது. ஏழுமலை அண்ணன் சொன்ன பெயர் அதுதான். கொடுக்கக்கூடாது என்று நினைப்பவள் எதற்கு உட்கார்ந்து பெயர் போட்டு, எனக்காகவே ஒரு வாக்கியம் யோசித்து எழுத வேண்டும்? எழுதும்போது கொடுக்கத்தான் எழுதியிருக்கிறாய். திங்கட்கிழமை காலையில்தான் மனசு மாறியிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? என் லாக்கரில் இருக்கும் முப்பத்தெட்டிலும் மூலையில் 'கோமு' என்றுதான் எழுதியிருக்கிறேன். அப்போதுதான் அழுதேன். பஸ் வந்து, ஹாரன் அடித்து, போயே போய்விட்டது. ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் மாறி, தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

ஆனாலும் ஒன்று புரியவில்லை. என் முப்பத்தெட்டு வார்த்தைகள் வராததை நீ கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாய். ஏன் கேட்கவே இல்லை? கேட்டால் நானும் கேட்பேன் என்றா? அவை இல்லாமலே எப்படித் தேறினாய்? லாக்கர் சாவியை நான் மேஜை மேலேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போவேனே, ஒருநாள் திறந்து பார்த்தாயா? இதற்கெல்லாம் இனி யாரிடம் பதில் கேட்பேன்?

நேற்றிலிருந்து நம் பழைய சீட்டுக்கு வந்துவிட்டேன். ஜன்னல் பக்கம் என் பையை வைத்திருக்கிறேன், யாரும் கேட்டால் ஆள் வருகிறது என்கிறேன். உன் நாற்பத்தொன்றில் இருபது முடிந்தது. மீதியை சனிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பரீட்சை எழுதுகிறேன், அந்த இடத்தை விட மாட்டேன். நீயாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டாய்.

மறுநாள் திங்கட்கிழமை, நாம் அட்டை மாற்றிக்கொள்ளும் நாள். அன்றைக்கு வெள்ளானூருக்கு வருகிறேன். உன் பேர் போட்ட முப்பத்தெட்டையும் உன் படத்தின் முன்னால் வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். எண்ணிப் பார்த்துக்கொள். இந்தத் தடவை ஒன்றுகூடக் குறையாது.

இப்படிக்கு,
உன்னை இன்னும் முழுசாக நம்பாத
உன் பங்காளி,
செல்வி