நம்பர் பலகையில் அப்பிய சந்தனம்

வாசலில் இப்போது நிற்பவர்கள்: நான், நம் மகள், மாப்பிள்ளை. அப்புறம் மாப்பிள்ளை கிள்ளானில் சீன முதலாளி தவுக்கேயிடம் இரவல் வாங்கி வந்த மோட்டார் கார். நாளைக்கு அவருக்கு லைசென்ஸ் பரீட்சை. வண்டியை நாம்தான் கொண்டுபோக வேண்டுமாம். அது இன்னும் மாறவில்லை. மகள் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். அந்த வாசனையில் பெட்ரோல் வாடை கலந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது.

அன்றும் இதே பிரிக்பீல்ட்ஸ் வீடுதான். ரயில்வேயில் கரி அள்ளிக்கொண்டிருந்தீர்கள். லைசென்ஸ் கிடைத்தால் தோட்டத்து டாக்டரிடம் டிரைவர் வேலை. பரீட்சைக்கு இரவல் வாங்கிய வண்டியின் டயருக்கு நீங்கள் காற்றடித்தீர்கள், பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்தீர்கள். புளி போட்டு விளக்குகளைத் தேய்த்தது நான். நீங்கள் குளிக்கப் போன நேரத்தில், முருகா என்று சொல்லி, விளக்குகளின் மேல் ஒவ்வொரு பொட்டும், முன்னும் பின்னும் இருந்த நம்பர் பலகைகள் முழுக்கச் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தேன். எழுத்தும் எண்ணும் தெரியாத எனக்கு அதுதான் வண்டியின் நெற்றி.

மத்தியானமே திரும்பிவிட்டீர்கள். "பரீட்சை வைக்கிற துரை இன்னைக்கு ஆள் எடுக்கலையாம்." விளக்கின் மேல் பொட்டு அப்படியே இருந்தது, பலகைகள் மட்டும் பளிச்சென்று இருந்தன. கேட்டேன். "மழையில போயிருக்கும் புள்ள." அன்று மழையே இல்லை.

டாக்டர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். இரண்டாம் தரம் கிளம்பும்போதுதான் சொன்னீர்கள்: "எங்க வேணும்னாலும் பொட்டு வை. அந்தப் பலகைய மட்டும் விட்டுடு. அதுல இருக்கற நம்பர துரை படிக்கணும்." துரை அன்று உங்களைத் திருப்பி அனுப்பியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. லைசென்ஸ் வந்தது. கடைசிவரை லோரிதான் ஓட்டினீர்கள். அந்த மாதமே நான் பக்கத்து வீட்டு நாள்காட்டியைப் பார்த்து எண் எழுதப் பழகினேன், பிறகு எழுத்தும்.

"பொட்ட எங்க வைக்கம்மா?" என்றாள் மகள். குங்குமத்தை நான் தொடுவதில்லை. விளக்குக்கு மேலே என்று காட்டினேன். "அத்தே, வண்டி பரீட்சைக்குப் போகுதா, தேர் இழுக்கப் போகுதா?" என்று மாப்பிள்ளை சிரித்தார். நான் குனிந்து, நம்பர் முழுதும் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்று வண்டியில் ஏறுமுன் அந்தப் பலகையைப் பார்த்தீர்கள். என்னையும் பார்த்தீர்கள். படிக்கத் தெரிந்தவர் நீங்கள். ஏன் துடைக்கவில்லை? கனவிலாவது வந்து சொல்லுங்கள். சீக்கிரம் பதில் வேண்டும்.